'தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த ஸ்கிரிப்ட்

மிடில்வேர் (அப்ளிகேஷனுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இடையே ஓடும் மென்பொருள்) ஆதரவுக் குழுவில் புதிதாகச் சேருகிறவர் கையில் முதலில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு டைரக்டரி. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று யாருக்கும் நினைவில்லாத ஷெல் ஸ்கிரிப்ட்கள் அதற்குள் குவிந்து கிடக்கும். பெயர்களைப் படித்தாலே வரலாறு புரிந்துவிடும்: 'செக்', 'செக்_நியூ', 'செக்_நியூ2', 'செக்_ஃபைனல்_பழசு'. எனக்கும் அப்படி ஒரு டைரக்டரி வந்து சேர்ந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவை சில வெப்லாஜிக் டொமைன்கள் (ஜாவா அப்ளிகேஷன் சர்வர்களின் தொகுப்புகள்), சில ஐபிஎம் எம்க்யூ க்யூ மேனேஜர்கள் (செய்திகளை வரிசையில் வைத்துக் கைமாற்றுபவை), முன்னால் நிற்கும் அப்பாச்சி வெப் சர்வர், ஓரமாக ஓடும் டாம்கேட் என்ற சிறிய ஜாவா சர்வர். விலை கொடுத்து வாங்கிய கண்காணிப்பு மென்பொருள் ஒன்றும் இருந்தது. சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் அது பார்த்துக்கொள்ளும். மிடில்வேருக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இந்த ஸ்கிரிப்ட்கள்தான் கதி.

அவற்றில் ஒன்று தினமும் காலையில் "அனைத்து சர்வர்களும் நலம்" என்று மெயில் அனுப்பும். அதன் பட்டியலில் இருந்த ஒரு சர்வர் எப்போதோ கழற்றப்பட்ட மெஷின். அந்த ஐபி முகவரியில் யாருமே இல்லை. இருந்தும் மெயிலில் அது தினமும் நலமாக இருந்தது. ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள மெஷினில் கட்டளை ஓட்டும் கருவி) வழியே மெஷினுக்குள் போய் லாக்கின் கடைசிப் பகுதியை எடுத்துவரும், அதில் 'ஃபெயில்டு' என்ற சொல் இருக்கிறதா என்று கிரெப் (சொல் தேடும் கட்டளை) போடும். இருந்தால் கெட்டது, இல்லாவிட்டால் நலம். மெஷினே இல்லாதபோது லாக் எங்கிருந்து வரும்? லாக் வராததால் 'ஃபெயில்டு'ம் வரவில்லை. ஆகவே நலம்.

கையால் எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்ட்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இதே குடும்பம். ஒரு சர்வரைப் பற்றிக் கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரலாம்: நலம், கெட்டது, தெரியவில்லை. அவசரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் மூன்றாவதைத் தூக்கி முதலாவதில் போட்டுவிடும். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ப்ளகின்களுக்கு வகுத்த எக்ஸிட் கோடுகளில் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்கள்) இது தெளிவாகவே இருக்கிறது: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. நாகியோஸ் இல்லாத இடத்திலும் நான் இந்த நான்கு எண்களையே வைத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே நிலைக்கான வேரியபிளில் 3 போட்டுவிடுவேன். நலம் என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தால் மட்டுமே அது 0 ஆகும். 'ஃபெயில்டு' இல்லை என்பது ஆதாரம் ஆகாது. 'ரன்னிங்' என்று வந்திருக்கிறது என்பது ஆதாரம்.

வேடிக்கை என்னவென்றால், நாம் பயன்படுத்தும் கட்டளைகள் எல்லாம் இந்த மூன்றாவது பதிலைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. கிரெப் சொல்லைக் கண்டுபிடித்தால் 0, கண்டுபிடிக்காவிட்டால் 1, ஃபைலையே திறக்க முடியாவிட்டால் 2 தரும். எஸ்எஸ்ஹெச் இணைப்பே கிடைக்காவிட்டால் 255 தரும். டைம்அவுட் கட்டளை தானே நேரம் முடிந்து வேலையை நிறுத்தியது என்றால் 124. நாம்தான் இவற்றை 'பைப்' போட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுகிறோம். கோத்துவிட்டால் பாஷ் ஷெல் தருவது கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டும். எஸ்எஸ்ஹெச் தோற்றுப்போன 255 நடுவழியில் தொலைந்து, கிரெப்பின் 1 மட்டும் வந்து சேரும். 'பைப்ஃபெயில்' ஆப்ஷனைப் போட்டால் இது ஓரளவு சரியாகும். நான் ஒரு படி மேலே போய், வெளியே போய்க் கேட்கும் வேலையைத் தனியாகச் செய்து, பதிலை ஒரு வேரியபிளில் வாங்கி, எக்ஸிட் கோடைப் பார்த்துவிட்டுத்தான் அதற்குள் தேடுவேன். நாலு வரி கூடும், அவ்வளவுதான்.

எஸ்எஸ்ஹெச்சைப் பற்றி இன்னொன்று. சர்வர் பட்டியலை ஒரு ஃபைலில் வைத்து, 'ஒயில் ரீட்' சுழற்சியில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது எல்லாரும் எழுதும் முறை. அந்தச் சுழற்சி படித்துக்கொண்டிருக்கும் அதே உள்ளீட்டை எஸ்எஸ்ஹெச்சும் எடுத்துக்கொள்ளும். முதல் சர்வரைப் பார்த்ததும் மீதிப் பட்டியல் முழுவதையும் அது விழுங்கிவிட, சுழற்சி சமர்த்தாக முடிந்துவிடும். எரர் எதுவும் வராது. இருபது சர்வர் பட்டியலில் முதல் சர்வர் நலமாக இருந்தால் மொத்த அறிக்கையும் நலம். எஸ்எஸ்ஹெச்சுக்கு 'என்' ஆப்ஷன் கொடுத்தால் தீர்ந்தது. கூடவே 'பேட்ச்மோட்' ஆப்ஷனும் வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். 'கனெக்ட்டைம்அவுட்' இல்லாவிட்டால் செத்த மெஷினின் வாசலில் வெகுநேரம் காத்திருக்கும். இவற்றோடு, பட்டியலில் எத்தனை பேர், எத்தனை பேருக்குப் பதில் வந்தது என்று கடைசியில் எண்ணி ஒப்பிடும் வரி ஒன்றையும் சேர்த்துவிடுவேன்.

இனி சர்வரைப் பார்ப்போம். எல்லாரும் முதலில் எழுதுவது பிஎஸ் (ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல்) போட்டு கிரெப் போடுவது. கிரெப் தன்னையே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. அதைத் தவிர்க்க, ப்ராசஸ்களுக்குள் நேரடியாகத் தேடும் பிகிரெப் பயன்படுத்துவார்கள். முழுக் கட்டளை வரியையும் தேடச் சொன்னால் பிகிரெப்பும் ஏமாறும். பக்கத்து இருக்கைக்காரர் அந்த சர்வரின் லாக்கை 'டெயில்' போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், ஃபைல் பாதையில் சர்வர் பெயர் இருக்கும். சர்வர் விழுந்த நேரத்தில்தான் ஆளாளுக்கு லாக்கைத் திறந்து வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். வெப்லாஜிக் என்றால் ஜாவா ப்ராசஸின் கட்டளை வரியில் 'வெப்லாஜிக்.நேம்' என்ற ப்ராப்பர்ட்டி இருக்கும். அதை முழுசாக, முடிவு எல்லையோடு தேட வேண்டும். எல்லை இல்லாவிட்டால் 'ஆப்1' விழுந்து கிடக்கும்போது 'ஆப்10' அதற்காகக் கை தூக்கி 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடும்.

ப்ராசஸ் இருக்கிறது, சரி. போர்ட்? போர்ட் திறந்திருக்கிறதா என்று நெட்கேட் வைத்துப் பார்ப்பது அடுத்த கட்டம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. டிசிபி இணைப்பின் ஆரம்பக் கைகுலுக்கலை முடித்துக் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னல், அப்ளிகேஷன் அல்ல. ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டுவது) முழுசாக உறைந்து கிடந்தாலும், காத்திருப்போர் வரிசை நிரம்பும்வரை கர்னல் இணைப்புகளை வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். வாசலில் காவலாளி சல்யூட் அடித்து உள்ளே அனுப்புகிறார் என்பதால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடாது.

ஆகவே வெப் பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளை. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 500 எரர் வந்தாலும் கர்லின் எக்ஸிட் கோட் 0தான், 'ஃபெயில்' ஆப்ஷன் கொடுக்காதவரை. அதன் கணக்கில் பதில் வந்துவிட்டது, வேலை முடிந்தது. இணைக்க முடியாவிட்டால் 7, நேரம் கடந்தால் 28. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். 7 வந்தால் பெரும்பாலும் ஆள் இல்லை. 28 வந்தால் ஆள் இருக்கலாம், பேசவில்லை. நடு இரவில் எழுப்பப்படுபவருக்கு இந்த ஒரு தகவலே பாதி வேலையைக் குறைக்கும். 'மேக்ஸ்-டைம்' கொடுக்காத கர்ல் கட்டளையை நான் ரிவ்யூவில் விடுவதில்லை. 200 வந்தது என்பதிலும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். லோட் பேலன்ஸர் (கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பங்கிடுவது) காட்டும் "மன்னிக்கவும், பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" பக்கம்கூடப் பல இடங்களில் 200 என்றே வரும். பக்கத்துக்குள் இருந்தே ஆக வேண்டிய ஒரு சொல்லைத் தேடுங்கள். லோட் பேலன்ஸரைத் தாண்டி ஒவ்வொரு சர்வரின் போர்ட்டையும் நேராகவும் கேளுங்கள்.

வெப்லாஜிக்கின் உள்ளே எட்டிப்பார்க்க டபிள்யூஎல்எஸ்டி இருக்கிறது. ஜைத்தான் (ஜாவாவில் ஓடும் பைத்தான்) அடிப்படையிலான கருவி. சக்தி நிறைய, ஆனால் எழுந்து உட்காரவே நேரம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரு ஜேவிஎம் கிளம்பி, அதன்மேல் ஜைத்தான் ஏற வேண்டும். சர்வருக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று என்று இதை க்ரானில் (குறித்த நேரங்களில் வேலையைத் தானே ஓட்டுவது) போட்டால், கண்காணிப்பே மெஷினுக்குச் சுமையாகிவிடும். டொமைனை நிர்வகிக்கும் அட்மின் சர்வரில் ஒரே முறை இணைந்து, டொமைன் ரன்டைம் மரத்துக்குப் போய், எல்லா சர்வர்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வருவதுதான் வழி. பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் கொடுக்காதீர்கள். பிஎஸ் போடுகிற எவர் கண்ணிலும் படும். 'ஸ்டோர்யூசர்கான்ஃபிக்' என்ற கட்டளை என்கிரிப்ட் செய்த ஃபைலையும் அதற்கான கீ ஃபைலையும் உருவாக்கித் தரும். அந்த இரண்டையும் ஃபைல் பெர்மிஷனோடு பூட்டி வைத்தால் போதும்.

இங்கேயும் அந்த மூன்றாவது பதில் வந்து நிற்கும். அட்மின் சர்வர் விழுந்துவிட்டால் அதன் வழியே கேட்டுக்கொண்டிருந்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் நின்றுவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேனேஜ்டு சர்வர்களுக்கு (அப்ளிகேஷனை ஓட்டுபவை) அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. அவை பாட்டுக்கு வேலை செய்யும். எங்கள் பழைய ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் எல்லா சர்வர்களையும் 'விழுந்துவிட்டது' என்று அறிவித்து ஊரையே எழுப்பும். சரியான பதில்: அட்மின் கெட்டது, மற்றவை தெரியவில்லை, கர்ல் வழியே நேராகக் கேட்டதில் இவை இவை நலம். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சர்வரின் நிலை 'அட்மின்' என்று இருக்கும். ப்ராசஸ் உண்டு, சர்வர்களைக் கிளப்பி நிறுத்தும் நோட் மேனேஜருக்கும் குறையில்லை, ஆனால் பயனாளர் கோரிக்கைகளுக்குக் கதவு சாத்தியிருக்கும். டேட்டா சோர்ஸ் (டேட்டாபேஸுக்கான இணைப்பு) எழும்பாததால் அந்த நிலையிலேயே நின்றுவிடும் சர்வர்கள் அதிகம். 'ரன்னிங்' என்ற சொல்லைத் தவிர வேறெதையும் நலம் என்று கொள்ளாதீர்கள். அதோடு ஹெல்த் நிலை என்ற தனிப்பட்ட மதிப்பையும் கேளுங்கள்.

த்ரெட் (ஜாவா ப்ராசஸுக்குள் ஒரு கோரிக்கையை ஏற்று ஓடும் வேலையாள்) விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெப்லாஜிக் ஒரு த்ரெட்டை 'ஸ்டக்' (மாட்டிக்கொண்டது) என்று அறிவிக்க இயல்பாக எடுத்துக்கொள்ளும் நேரம் 600 விநாடி. பத்து நிமிடம்! லாக்கில் 'பிஇஏ-000337' என்ற செய்தி வரும்போது பயனாளர்கள் எப்போதோ போன் செய்யத் தொடங்கியிருப்பார்கள். அந்தச் செய்தியை மட்டும் கிரெப் போடும் ஸ்கிரிப்ட் பிரேதப் பரிசோதனைக்குத்தான் உதவும். த்ரெட் பூல் ரன்டைமில் 'ஹாகிங் த்ரெட்' எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துவைத்திருக்கும் த்ரெட்களை அது முன்கூட்டியே காட்டும். அதையும் காத்திருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் சில நிமிடங்கள் முன்பாகவே வாசனை பிடித்துவிடலாம். ஜேடிபிசி (டேட்டாபேஸ் இணைப்பு) பூலில் இணைப்புக்காகக் காத்திருப்போர் எண்ணிக்கை 0ஐத் தாண்டி நிற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். என் அனுபவத்தில் ஹாகிங் த்ரெட்டுக்குப் பின்னால் பாதி நேரம் டேட்டாபேஸ்தான் இருக்கும்.

சரி, ஹாகிங் ஏறுகிறது. ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும்? பலரும் உடனே ரீஸ்டார்ட் என்பார்கள். ரீஸ்டார்ட் செய்தால் நோயோடு ஆதாரமும் போய்விடும், அடுத்த வாரம் அதே நேரத்தில் திரும்ப வரும். எங்கள் ஸ்கிரிப்ட் அலர்ட் அனுப்பும் முன் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) எடுத்துவிடும். ஜேஸ்டாக் போட்டோ, 'கில்' கட்டளையில் 3ஆம் எண் சிக்னல் அனுப்பியோ எடுக்கலாம். இரண்டாவது முறையில் டம்ப் ப்ராசஸின் வெளியீட்டு லாக்கில் போய் விழும், சர்வர் சாகாது. ஒரு டம்ப் போதாது. பத்து விநாடி இடைவெளியில் மூன்று எடுத்தால்தான் எந்த த்ரெட் நகரவே இல்லை என்று தெரியும். கூடவே த்ரெட் வாரியாக 'டாப்' (சிபியு பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) வெளியீட்டையும் சேமிக்கச் சொல்லுங்கள். டாப் காட்டும் த்ரெட் எண் பத்தடிமான எண், பல ஜாவா பதிப்புகளின் டம்பில் இருக்கும் 'என்ஐடி' (அதே த்ரெட் எண்) பதினாறடிமான எண். 'பிரிண்ட்எஃப்' போட்டு மாற்றிக்கொண்டால், சிபியுவைத் தின்னும் த்ரெட் எந்த ஜாவா வரியில் நிற்கிறது என்று நேராகக் கைகாட்டலாம். டெவலப்பர்களோடு நடக்கும் வாக்குவாதங்கள் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

எம்க்யூ வேறொரு உலகம். ஓர் இரவு வந்த போன் இப்படி இருந்தது:

"சார், ஆர்டர் எதுவும் வரலைங்கறாங்க. நான் பார்த்துட்டேன், எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. க்யூ டெப்த்தும் சைபர்தான்."

"எந்தப் பக்கத்து க்யூ?"

"நம்ம பக்கம்தான் சார்."

பிரச்சினை அந்த சைபரில்தான், அதாவது க்யூவில் ஒரு செய்திகூடக் காத்திருக்கவில்லை என்பதில்தான் இருந்தது. வழக்கமாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்க வேண்டிய நேரம். எதிர்ப்பக்கத்து சென்டர் (செய்திகளை அனுப்பும்) சேனல் 'ரிட்ரையிங்' நிலையில் மாட்டிக்கொண்டு, செய்திகளெல்லாம் அங்கே இருந்த டிரான்ஸ்மிஷன் க்யூவில் (அனுப்பப்படக் காத்திருக்கும் வரிசை) குவிந்து கிடந்தன. எங்கள் க்யூவுக்கு எதுவுமே வராததால் அது காலியாக இருந்தது. காலி க்யூ என்றால் ஆரோக்கியம் என்று ஸ்கிரிப்ட் எழுதியவர் எண்ணியிருந்தார். அதிகமானால் அலர்ட் என்று மட்டுமே எழுதிய எல்லைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதற்குப் பிறகு கடைசிச் செய்தி எப்போது போடப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்ற நேரங்களையும் எம்க்யூவின் கட்டளைக் கருவியான ரன்எம்க்யூஎஸ்சியில் க்யூ ஸ்டேட்டஸ் கேட்டு வாங்கத் தொடங்கினோம். வேலை நேரத்தில் அரை மணி நேரமாக எதுவும் வரவில்லை என்றால் அதுவும் ஓர் அலர்ட்தான்.

டெப்த்தைவிட வயதே நல்ல அளவுகோல். ஒரு க்யூவின் அதிகபட்ச டெப்த் இயல்பாக 5000. அது நிரம்பினால் அப்ளிகேஷனுக்கு 2053 என்ற காரண எண் திரும்பும், அதற்குள் நிலைமை முற்றியிருக்கும். பேட்ச் ஓடும் நேரத்தில் மூவாயிரம் செய்திகள் சேர்ந்து சில நிமிடங்களில் கரைவது சகஜம். நாலே நாலு செய்திகள் முக்கால் மணி நேரமாக நகராமல் கிடந்தால்தான் விபரீதம். 'எம்எஸ்ஜிஏஜ்' என்ற மதிப்பு மிகப் பழைய செய்தியின் வயதை விநாடியில் சொல்லும். ஆனால் க்யூவுக்கோ க்யூ மேனேஜருக்கோ 'மோன்க்யூ' என்ற கண்காணிப்பை இயக்கியிருந்தால்தான். இயக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக வரும். வெறுமையான வேரியபிளை பாஷின் இரட்டை அடைப்புக் கணக்கில் கொடுத்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். வயது 0, ஆகவே நலம்! பழைய பாணி ஒற்றைச் சதுர அடைப்பில் கொடுத்தால் எரர் ஒன்றைக் கக்கிவிட்டு 'எல்ஸ்' பக்கம் போகும். அங்கேயும் நலம் என்றுதான் எழுதி வைத்திருப்போம். எண் என்று நம்பும் எதையும் ஒப்பிடும் முன், அது எண்தானா என்று பார்த்துவிடுங்கள்.

க்யூவை எடுக்க யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்பதற்கு 'ஐபிப்ராக்ஸ்' எண்ணிக்கை. அது 0 என்றால் கன்ஸ்யூமர் இல்லை, செய்தி சேரும் முன்பே தெரிந்துவிடும். சேனல் நிலையைக் கேட்கும்போது 'ஏஎம்க்யூ8420', அதாவது நிலை காணப்படவில்லை என்று வந்தால் பதற வேண்டாம். போக்குவரத்து இல்லாத சென்டர் சேனல், 'டிஸ்க்இண்ட்' நேரம் முடிந்ததும் தானே ஓய்வுக்குப் போய்விடும். இயல்பாக அது 6000 விநாடி. டிரான்ஸ்மிஷன் க்யூ காலியாக இருந்து சேனல் நிலை இல்லையென்றால் சரி. அதில் செய்திகள் இருந்தும் சேனல் நிலை இல்லையென்றால் சரியில்லை. இப்படி இரண்டைச் சேர்த்துக் கேட்காமல் எம்க்யூவில் உருப்படியான பதில் கிடைக்காது. டெட் லெட்டர் க்யூவை (சேர வேண்டிய இடம் சேராத செய்திகள் விழும் இடம்) மட்டும் தனியாகக் கேட்கலாம். அதில் ஒன்று விழுந்தாலும் ஆள் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கைப் பற்றிச் சுருக்கமாக. டிஎஃப் (டிஸ்க்கின் மொத்தக் கணக்கு) நிரம்பிவிட்டது என்கிறது, டியூ (ஃபைல்களின் அளவு) போட்டுக் கூட்டினால் அவ்வளவு வரவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் லாக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். திறந்த ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டும். இடம் காலியாக இருந்தும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடுகளை (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவிடம்) பாருங்கள். தொங்கிப்போன என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி டிஸ்க்) மவுண்ட் இருந்தால் டிஎஃப்பும் சேர்ந்து தொங்கும், லோக்கல் டிஸ்க்குகளை மட்டும் கேட்கும் ஆப்ஷனைக் கொடுத்துவிடுங்கள். திறந்த ஃபைல்களின் வரம்பை உங்கள் ஷெல்லில் 'யூலிமிட்' போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ப்ராசஸ் கிளம்பிய சூழல் வேறு, 'ப்ராக்' டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸுக்கான 'லிமிட்ஸ்' ஃபைல்தான் உண்மை சொல்லும்.

சர்டிஃபிகேட் காலாவதியை ஃபைலில் பார்க்காமல் போர்ட்டில் பாருங்கள். ஃபைலைப் புதிதாக வைத்துவிட்டு சர்வரை ரீலோட் செய்யாமல் விட்டால் மெமரியில் பழையதுதான் இருக்கும். ஓபன்எஸ்எஸ்எல்லின் 'செக்எண்ட்' ஆப்ஷனுக்கு 2592000 விநாடி கொடுத்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு. பொது சர்டிஃபிகேட்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் 47 நாளுக்குக் கொண்டுவர, சர்டிஃபிகேட் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவு செய்திருக்கிறது. அப்போது முப்பது நாள் என்ற இந்த எல்லையையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் எழுதி முடித்து க்ரானில் போட்டதும் வேறு தொல்லைகள் தொடங்கும். கையால் ஓட்டினால் ஓடும், க்ரானில் ஓடாது. காரணம், க்ரான் உங்கள் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. 'பாத்' (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) குறுகியது, ஜாவா எங்கே என்று தெரியாது. தேவையான சூழலை ஸ்கிரிப்டே ஏற்றிக்கொள்ள வேண்டும். க்ரான்டேப் வரியில் சதவீதக் குறி புதிய வரியாக மாறிவிடும் என்பதை, தேதியோடு லாக் பெயர் வைக்க முயன்ற ஒவ்வொருவரும் ஒருநாள் தெரிந்துகொள்கிறார்கள். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது கிளம்பாமலிருக்க 'flock' கட்டளையால் பூட்டு போடுங்கள். இல்லாவிட்டால் சர்வர் மெதுவான நாளில் உங்கள் ஸ்கிரிப்ட்களே வரிசைகட்டி நின்று அதை இன்னும் மெதுவாக்கும்.

ஸ்கிரிப்டே ஓடவில்லை என்றால்? அமைதிதான், அந்த அமைதி நலம் போலவே தெரியும். ஒவ்வொரு ஓட்டமும் கடைசியில் ஒரு சிறு ஃபைலின் நேரத்தைப் புதுப்பிக்கும். வேறொரு மெஷினில் இருக்கும் இன்னொரு குட்டி ஸ்கிரிப்ட் அந்த நேரம் பழசாகிவிட்டதா என்று மட்டும் பார்க்கும். இதுபோதும். தினசரி "எல்லாம் நலம்" மெயிலை நாங்கள் நிறுத்திவிட்டோம். யாரும் படிக்கவில்லை, வராத நாளை யாரும் கவனிக்கவும் இல்லை. இப்போது நிலை மாறும்போது மட்டும் செய்தி போகும். இரண்டு முறை தொடர்ந்து கெட்டது என்று வந்த பிறகே போகும். எந்த சர்வர், எப்போதிலிருந்து, என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, டம்ப் எந்த டைரக்டரியில் இருக்கிறது, இவ்வளவும் அதில் இருக்கும். 'தெரியவில்லை'க்கு நள்ளிரவில் யாரையும் எழுப்புவதில்லை. ஆனால் அது பதினைந்து நிமிடம் நீடித்தால் எழுப்பும்.

புது ஸ்கிரிப்ட் எழுதினால் அதை நல்ல சர்வரில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். டெஸ்ட் சர்வரின் ஜாவா ப்ராசஸுக்கு 'ஸ்டாப்' சிக்னல் அனுப்புங்கள். பிஎஸ்ஸில் ப்ராசஸ் இருக்கும், போர்ட் இணைப்பை வாங்கும், பதில் மட்டும் வராது. அந்த நிலையில் ஸ்கிரிப்ட் என்ன சொல்கிறது, எவ்வளவு நேரத்தில் சொல்கிறது என்று பாருங்கள். அடுத்து ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை ஒருமுறை மறுக்கச் சொல்லியும், ஒருமுறை பதிலே தராமல் விழுங்கச் சொல்லியும் சோதியுங்கள். உண்மையில் இல்லாத மெஷின் பெயர் ஒன்றையும் பட்டியலில் வேண்டுமென்றே சேர்த்துப் பாருங்கள். முடித்ததும் 'கன்டின்யூ' சிக்னல் அனுப்ப மறக்க வேண்டாம். டெஸ்ட் சர்வரை உறைய வைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விட, மறுநாள் டெஸ்டிங் குழு பாதி நாள் அப்ளிகேஷனில் பிழை தேடிக்கொண்டிருந்தது எங்கள் இடத்திலேயே நடந்திருக்கிறது.